செக் தொலைஞ்சா பணமும் போச்சா? பேப்பர் கையில் இல்லாமலே பணத்தைக் கேட்க சட்டம் தரும் உரிமைகள்

"எல்லாமே யுபிஐ ஆயிடுச்சு, இப்போ யாரு செக் கொடுக்கறாங்க?" என்று கேட்பவர்களும், வீட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்கும்போதோ, பழைய கம்பெனியின் ஃபைனல் செட்டில்மென்ட் வரும்போதோ, கவுன்சிலிங்குக்கு டிடி எடுக்கும்போதோ ஒரு காகிதத்தைக் கையில் வாங்கத்தான் செய்கிறார்கள். ஊரில் அப்பா பீரோவில் பூட்டி வைத்திருக்கும் புரோநோட்டு தனிக் கதை.

அந்தக் காகிதம் பைக்கில் வரும் வழியில் விழுந்துவிட்டால்? பஸ்ஸில் பையோடு திருடு போனால்? கூரியரில் காணாமல் போனால்? மழைவெள்ளம் வீட்டுக்குள் வந்து எல்லாத்தையும் கூழாக்கிவிட்டால்?

பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒரு தப்பைச் செய்கிறார்கள். ஒன்று, "போச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று விட்டுவிடுகிறார்கள். அல்லது, "கிராஸ் பண்ண செக்தானே, யாரும் எடுக்க முடியாது" என்று ரெண்டு வாரம் சும்மா இருக்கிறார்கள். சட்டம் சொல்வது வேறு. காகிதம் போனாலும் உங்கள் உரிமை போகாது. ஆனால் நீங்கள் எவ்வளவு வேகமாக, எந்த வரிசையில் நடந்துகொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த உரிமை பணமாக மாறும்.

500 ரூபாய் நோட்டுக்கும் செக்குக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு 500 ரூபாய் நோட்டைத் தொலைத்துவிட்டு, நம்பர் நினைவிருக்கிறது என்று ரிசர்வ் வங்கியிடம் போய் இன்னொன்று கேட்க முடியாது. தொலைந்த, திருடு போன நோட்டின் மதிப்பை உரிமையாகக் கேட்க யாருக்கும் இடமில்லை என்று ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 28-வது பிரிவே சொல்கிறது. கிழிந்த நோட்டை மாற்றித் தருவதுகூட வங்கி தரும் சலுகைதான்.

செக், டிடி, புரோநோட்டு, பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச் ஆகியவை அப்படி இல்லை. இவற்றை ஆள்வது 1881-ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். 'செக் பவுன்ஸ் கேஸ்' என்றதும் நாம் சொல்லும் 138-வது பிரிவு இருப்பது இந்தச் சட்டத்தில்தான். இதன் 8-வது பிரிவு, ஆவணத்தின் 'ஹோல்டர்' யார் என்று சொல்கிறது: அந்த ஆவணத்தைத் தன் பெயரில் வைத்திருக்கவும், அதற்கான பணத்தைப் பெறவும் உரிமை உள்ளவர். அதே பிரிவு அடுத்த வரியில் முக்கியமான ஒன்றைச் சேர்க்கிறது. ஆவணம் தொலைந்துவிட்டால் அல்லது அழிந்துவிட்டால், தொலைந்த நேரத்தில் யாருக்கு அந்த உரிமை இருந்ததோ, அவரே ஹோல்டர்.

அதாவது, உங்கள் பெயருக்கு எழுதிய செக்கை வேறொருவர் ரோட்டில் கண்டெடுத்தால், செக் அவர் கையில் இருக்கும். ஆனால் சட்டத்தின் கண்ணில் ஹோல்டர் நீங்கள்தான். இந்த ஒரு வரியை நம்பித்தான் மற்ற எல்லா உரிமைகளும் நிற்கின்றன.

அப்போ எடுத்தவர் பணம் வாங்கவே முடியாதா?

இங்கேதான் ஒரு சிக்கல். 58-வது பிரிவு, தொலைந்துபோன அல்லது திருட்டு, மோசடி மூலம் கைமாறிய ஆவணத்தைக் கண்டெடுத்தவரிடமிருந்தோ திருடியவரிடமிருந்தோ வாங்கியவர், அதை எழுதிக் கொடுத்தவரிடம் பணம் கேட்க முடியாது என்கிறது. ஆனால் ஒரு விதிவிலக்கு வைக்கிறது. வாங்கியவர் 'ஹோல்டர் இன் டியூ கோர்ஸ்' ஆக இருந்தால், அவர் கேட்கலாம்.

யார் அவர்? 9-வது பிரிவின்படி, மதிப்பு ஏதாவது கொடுத்து, பணம் செலுத்த வேண்டிய நாளுக்கு முன்பே, 'இதில் ஏதோ வில்லங்கம் இருக்கு' என்று சந்தேகப்படக் காரணம் இல்லாத நிலையில் அந்த ஆவணத்தை வாங்கியவர். சுருக்கமாக, நல்லெண்ணத்தில் காசு கொடுத்து வாங்கிய அப்பாவி.

இந்த விதிக்கு வயது 260 ஆண்டுகளுக்கு மேல். 1756-ல் இங்கிலாந்தில் தபால் வண்டியைக் கொள்ளையடித்தவர்கள் ஒரு பேங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டை எடுத்துப் போனார்கள். அது கைமாறி ஒரு சத்திரக்காரரிடம் வந்தது. திருட்டுச் சரக்கு என்று தெரியாமல், மதிப்பு கொடுத்து வாங்கியிருந்தார். அவர் அதை வங்கிக்குக் கொண்டுபோனபோது பணம் தர மறுத்துவிட்டார்கள். 1758-ல் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு சத்திரக்காரர் பக்கம் தீர்ப்பளித்தார். பணம்போல் கைமாறும் காகிதத்தை வாங்கும் ஒவ்வொருவரும் அதன் முழு வரலாற்றையும் விசாரித்துக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்காது என்பதுதான் காரணம். நம் 1881 சட்டமும் அந்த வழியில்தான் வந்தது.

உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. சாதாரணமாக, ஆவணம் வைத்திருப்பவர் நல்லெண்ணத்தில் வாங்கியவர் என்றே 118-வது பிரிவு அனுமானிக்கும். ஆனால் அது குற்றம் அல்லது மோசடி மூலம் உரியவரிடமிருந்து போனது என்றால், 'நான் அப்பாவி' என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவர் தலையில் விழுகிறது. திருட்டுக்கு உடனே போலீஸ் புகார் கொடுப்பது ஏன் முக்கியம் என்பது இங்கே புரியும்.

எந்த செக்குக்கு எவ்வளவு ஆபத்து?

தொலைந்த செக்கில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும்.

• பேரர் செக்: கவுன்டரில் யார் நீட்டினாலும் பணம் தரலாம். முறைப்படி, கவனத்தோடு பணம் கொடுத்த வங்கிக்கு 85-வது பிரிவு பாதுகாப்பு தருகிறது. தொலைந்தால் கிட்டத்தட்ட ரொக்கம் தொலைந்த மாதிரிதான்.

• ஆர்டர் செக்: உங்கள் கையெழுத்தைப் பின்னால் போட்டால்தான் கைமாறும். வேறொருவர் உங்கள் கையெழுத்தைப் போலியாகப் போட்டால் அவருக்கு உரிமை வராது. ஆனால், பார்வைக்குச் சரியாக இருந்த மேலொப்பத்தை நம்பி முறைப்படி பணம் கொடுத்த வங்கியை நீங்கள் பிடிக்க முடியாமல் போகலாம். பணம் வாங்கியவரைத்தான் துரத்த வேண்டும்.

• கிராஸ் செய்த செக்: கவுன்டரில் பணமாகத் தர முடியாது, ஏதாவது ஒரு வங்கிக் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். அதனால் பணம் போன தடம் இருக்கும்.

• 'நாட் நெகோஷியபிள்' என்று எழுதிய கிராஸ் செக்: 130-வது பிரிவின்படி, கொடுத்தவருக்கு என்ன உரிமை இருந்ததோ அதற்கு மேல் வாங்கியவருக்கு வராது. திருடனிடம் வாங்கியவர் அப்பாவியாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

• 'அக்கவுன்ட் பேயீ' செக்: பெயர் உள்ளவரின் கணக்கில் மட்டுமே வரவு வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. இருப்பதில் பாதுகாப்பானது இதுதான்.

'அக்கவுன்ட் பேயீ'தானே என்று அலட்சியம் வேண்டாம். பெயரைத் திருத்துவது, அதே பெயரில் போலிக் கணக்கு தொடங்குவது போன்ற வேலைகள் நடக்கின்றன. அப்படிப்பட்ட கணக்கை அடையாளம் சரிபார்க்காமல் தொடங்கி, அதில் செக்கை வசூலித்துக் கொடுத்த வங்கிக்கு 131-வது பிரிவின் பாதுகாப்பு கிடைக்காது. நல்லெண்ணம் மட்டும் போதாது, அலட்சியம் இல்லை என்பதையும் காட்ட வேண்டும். அந்த வங்கியிடமே நீங்கள் நஷ்டஈடு கேட்கலாம்.

முதல் வேலை: ஸ்டாப் பேமென்ட். ஆனால் யார் சொல்ல வேண்டும்?

இதில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். செக்கை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அதை எழுதிக் கொடுத்தவருக்கு மட்டுமே உண்டு. அது அவர் கணக்கு, அவர் தன் வங்கிக்குக் கொடுத்த உத்தரவு. செக் வாங்கிய நீங்கள் போய், "நிறுத்துங்க" என்றால் வங்கி கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அதனால் தொலைந்தது தெரிந்த அடுத்த நிமிடம் செக் கொடுத்தவருக்குப் போன் செய்யுங்கள். கையோடு வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் எழுத்தில் அனுப்புங்கள்: செக் நம்பர், தேதி, தொகை, வங்கி, எப்போது தொலைந்தது. செக் நம்பர் தெரியவில்லையா? அவர் செக் புத்தகத்தின் அடிக்கட்டையில் இருக்கும். வங்கி ஆப்பிலேயே ஸ்டாப் பேமென்ட் போடும் வசதி பெரும்பாலான வங்கிகளில் உண்டு.

அவர் போனை எடுக்கவில்லை என்றால், செக் எந்தக் கிளை மீது எழுதப்பட்டதோ அந்தக் கிளைக்கு நீங்களே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். அது ஸ்டாப் பேமென்ட் ஆகாது. ஆனால் 'தொலைந்த செக்' என்ற தகவல் கைக்கு வந்த பிறகும் பணம் கொடுத்துவிட்டு, "முறைப்படிதான் கொடுத்தோம்" என்று வங்கி சொல்வது கஷ்டம்.

ஸ்டாப் பேமென்ட் உத்தரவு முறையாகப் பதிவான பிறகும் வங்கி பணம் கொடுத்துவிட்டால் அந்த நஷ்டம் வங்கியுடையது. கணக்கில் திரும்ப வரவு வைக்கச் சொல்லலாம். அதற்காகவே உத்தரவு பதிவான நேரம் தெரியும் எஸ்எம்எஸ், ரெஃபரன்ஸ் நம்பர் இரண்டையும் சேமித்து வைப்பது நல்லது.

முன்பு இதற்கு ஓரளவு அவகாசம் இருந்தது. செக் கிளியர் ஆக அடுத்த வேலை நாள் வரை ஆகும். 2025 அக்டோபர் 4 முதல் அந்த நிலை மாறிவிட்டது. பகலில் போடப்படும் செக்குகளின் படங்கள் தொடர்ச்சியாக அனுப்பப்பட்டு, மாலை 7 மணிக்குள் பணம் தரும் வங்கி பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. நல்ல நாளில் இது வசதி. செக் தொலைந்த நாளில், காலையில் எடுத்தவர் மதியம் போட்டால் சாயந்திரம் பணம் போய்விடும் என்று அர்த்தம். 'நாளைக்குப் பாத்துக்கலாம்' என்ற பேச்சே வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். 2012 ஏப்ரல் முதல் செக்கின் ஆயுள் அதில் உள்ள தேதியிலிருந்து 3 மாதம். தேதி போட்ட செக் தொலைந்தால், 3 மாதத்தில் அந்த ஆபத்து தானாகக் குறைந்துவிடும். தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக் தொலைந்தால் ஆபத்துக்குக் காலாவதியே கிடையாது. எடுத்தவர் என்றைக்கு வேண்டுமானாலும் தேதி போடுவார்.

"இன்னொரு செக் கொடுங்க" என்று கேட்கும் உரிமை

ஸ்டாப் போட்டாச்சு. இனி உங்கள் பணம்?

செக் கொடுத்ததாலேயே கடன் முழுதாகத் தீர்ந்துவிடுவதில்லை. அது பணமானால்தான் தீரும். ஆகவே, "நான்தான் கொடுத்துட்டேனே, நீங்க தொலைச்சா நான் என்ன பண்றது?" என்ற பதிலோடு பேச்சை முடித்துக்கொள்ள முடியாது.

சட்டத்தின் 45ஏ பிரிவு இதற்காகவே இருக்கிறது. கெடு முடிவதற்குள் ஒரு பில் தொலைந்துவிட்டால், அதன் ஹோல்டர் அதே விவரங்களோடு இன்னொன்று தரும்படி எழுதிக் கொடுத்தவரைக் கேட்கலாம். அவர் மறுத்தால் நீதிமன்றம் மூலம் கட்டாயப்படுத்தலாம். பிரிவில் இருக்கும் சொல் 'பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச்'. ஆனால் 6-வது பிரிவு, செக் என்பதும் வங்கி மீது எழுதப்படும் ஒரு வகை பில்தான் என்கிறது. புரோநோட்டு இந்தப் பிரிவுக்குள் வராது. அதற்கு வேறு வழி, கீழே பார்ப்போம்.

எழுதிக் கொடுத்தவருக்கும் ஒரு நியாயமான பயம் உண்டு. பழைய செக்கை எவனாவது கொண்டுவந்து என்னிடம் பணம் கேட்டால்? அதனால், புது செக் தருவதற்கு முன் உங்களிடம் இன்டெம்னிட்டி பாண்ட் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. 'பழைய ஆவணத்தின் பேரில் யாராவது உங்களிடம் பணம் கேட்டு நஷ்டம் வந்தால் நான் ஈடு செய்கிறேன்' என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித் தருவதுதான் அது. 81-வது பிரிவும் இதையே வேறு கோணத்தில் சொல்கிறது: பணம் கொடுப்பவர் ஆவணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவர். ஆவணம் தொலைந்துவிட்டது என்றால், அதற்குப் பதில் இந்த உறுதியைக் கேட்கலாம்.

எனவே, பாண்ட் கேட்டால் கோபப்பட வேண்டாம். ஆனால் பாண்ட் கொடுத்த பிறகும் இழுத்தடித்தால், வக்கீல் நோட்டீஸில் 45ஏ பிரிவைக் குறிப்பிடலாம். பழைய செக் பிறகு அலமாரி இடுக்கில் கிடைத்தால், மறந்துபோய்கூட வங்கியில் போடக் கூடாது. குறுக்கே கோடு போட்டு, எழுதிக் கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி வாங்கிவிடுங்கள்.

தொலைந்த செக்கை வைத்து 138 கேஸ் போட முடியுமா என்றும் கேட்பார்கள். வங்கியில் போடாமலே தொலைந்துவிட்டால் முடியாது. செக் போடப்பட்டு, பணம் இல்லாமல் திரும்பினால்தான் அந்தக் குற்றமே பிறக்கிறது. அப்போது சிவில் வழிதான். பவுன்ஸ் ஆன பிறகு ஒரிஜினல் தொலைந்தது என்றால் கதை வேறு. வங்கியின் ரிட்டர்ன் மெமோ, செக்கின் நகல் ஆகியவற்றை வைத்து இரண்டாம் நிலைச் சாட்சியமாக நிரூபிக்க வழி உண்டு. செக்கை வங்கியில் போடும் முன் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைப்பது பத்து விநாடி வேலை.

வங்கியே தொலைத்துவிட்டால்?

டிராப் பாக்ஸில் போட்ட செக் காணோம் என்று வங்கி கை விரித்தால், "நீங்களே பார்ட்டியிடம் வேற செக் வாங்கிக்கோங்க" என்று சொல்லித் தப்ப முடியாது. ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் சேவை நெறிமுறை இதில் தெளிவாக இருக்கிறது. வசூலுக்குக் கொடுத்த செக் வழியிலோ வங்கியிலோ தொலைந்தால், பொறுப்பு வசூலிக்கும் வங்கியுடையது, கணக்கு வைத்திருப்பவருடையது அல்ல. வங்கி உடனே உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். டூப்ளிகேட் வாங்க நீங்கள் செய்யும் செலவையும், தாமதத்துக்கான வட்டியையும் தர வேண்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டுமே? டிராப் பாக்ஸ் இருந்தாலும் கவுன்டரில் செக்கை வாங்கிக்கொண்டு ரசீது தர வங்கி மறுக்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி சொன்னதுதான். பெரிய தொகை என்றால் கவுன்டரில் கொடுத்து, பே-இன் ஸ்லிப்பில் சீல் வாங்குவதே நல்லது.

வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை. வக்கீலும் தேவையில்லை. நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி.

டிடி தொலைந்தால்

டிடியில் பணம் ஏற்கெனவே வங்கிக்குக் கட்டப்பட்டுவிட்டது. அதனால் இதை நிறுத்துவதும் டூப்ளிகேட் வாங்குவதும் டிடி எடுத்தவர் தன் வங்கி வழியாகச் செய்ய வேண்டிய வேலை. விண்ணப்பம், டிடி எடுத்த ரசீது, இன்டெம்னிட்டி பாண்ட் இவைதான் தேவை. கேட்ட இரண்டு வாரத்துக்குள் டூப்ளிகேட் தர வேண்டும், தாமதமானால் அதே காலத்துக்கான ஃபிக்சட் டெபாசிட் வட்டி விகிதத்தில் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். ரூ.5,000 வரையிலான டிடிக்கு, இன்னும் பணமாக்கப்படவில்லை என்று மறுமுனைக் கிளையிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்லாமல், பாண்டை வாங்கிக்கொண்டே டூப்ளிகேட் தரலாம். கவுன்டரில் இந்த விதி தெரியாத ஊழியர் இருந்தால், மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். ஃபிக்சட் டெபாசிட் ரசீது தொலைந்தால்? அது கைமாறும் ஆவணமே இல்லை. எடுத்தவர் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வங்கியில் சொல்லி டூப்ளிகேட் வாங்கிக்கொள்ளலாம்.

புரோநோட்டு தொலைந்தால்

நம் ஊரில் உண்மையான சண்டை இங்கேதான். கைமாத்தாக ரெண்டு லட்சம், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு காகிதம், அதன் பின்பக்கத்தில் அவ்வப்போது வரவு வைத்த வட்டி. அந்தக் காகிதம் கரையான் அரித்தோ, வெள்ளத்தில் போயோ, வீடு மாறும்போது தொலைந்தோ போனால், கடன் வாங்கியவரின் குரலே மாறிவிடும். "நோட்டைக் காட்டுங்க, பணம் தர்றேன்."

நோட்டு இல்லாமல் கேஸ் போட முடியும். சிவில் நடைமுறைச் சட்டத்தில் 7-வது ஆணையின் 16-வது விதி இதற்கென்றே இருக்கிறது. ஆவணம் தொலைந்தது நிரூபிக்கப்பட்டு, வேறு யாராவது அதன் பேரில் உரிமை கோரினால் ஈடு செய்வதாக நீதிமன்றம் ஏற்கும்படி உறுதி கொடுத்துவிட்டால், ஒரிஜினலைத் தாக்கல் செய்திருந்தால் என்ன தீர்ப்பு வருமோ, அதே தீர்ப்பை நீதிமன்றம் வழங்கலாம். இரண்டு நிபந்தனை: தொலைந்ததை நிரூபிக்க வேண்டும், இன்டெம்னிட்டி கொடுக்க வேண்டும்.

தொலைந்த நோட்டில் என்ன எழுதியிருந்தது என்பதை எப்படிக் காட்டுவது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 60-வது பிரிவு, ஒரிஜினல் தொலைந்துவிட்டால் அல்லது அழிந்துவிட்டால் இரண்டாம் நிலைச் சாட்சியத்தை அனுமதிக்கிறது. ஜெராக்ஸ், மொபைலில் எடுத்த போட்டோ, நோட்டைப் பார்த்தவரின் சாட்சி, பணம் போன வங்கிக் கணக்கு விவரம், வட்டி வந்த யுபிஐ பதிவுகள், "அடுத்த மாசம் செட்டில் பண்றேன்" என்ற வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் இங்கே கைகொடுக்கும். ஆனால் உங்கள் சொந்த அலட்சியத்தால் ஒரிஜினலை உரிய நேரத்தில் காட்ட முடியாமல் போனது என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கொடுக்காதீர்கள். எங்கெல்லாம் தேடினீர்கள், எப்போது புகார் கொடுத்தீர்கள் என்பதற்கு எழுத்து ஆதாரம் வேண்டும்.

ஸ்டாம்ப் பிரச்சினை ஒன்றும் உண்டு. முறையாக ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. அபராதம் கட்டியும் சரிசெய்ய முடியாது. "அந்த நோட்டுல ஸ்டாம்ப்பே ஒட்டலைங்க" என்று எதிர்த்தரப்பு சொன்னால், நோட்டே இல்லாத நீங்கள் எப்படிக் காட்டுவீர்கள்? சட்டம் அதையும் யோசித்திருக்கிறது. தொலைந்த புரோநோட்டு, பில் அல்லது செக்கில் முறையாக ஸ்டாம்ப் இருந்தது என்றே 118-வது பிரிவு அனுமானிக்கிறது. இல்லை என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இன்னொரு கத்தியும் தலைக்கு மேல் தொங்குகிறது: காலக்கெடு. கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு, அதன் தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் கேஸ் போட வேண்டும். நோட்டைத் தேடிக்கொண்டிருந்தாலும் கடிகாரம் நிற்காது. கெடுவுக்குள் கடன்காரர் கையெழுத்திட்டு கடனை ஒப்புக்கொண்டால், அல்லது தன் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ ஒரு பகுதியைச் செலுத்தினால் புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். அந்த வரவு எழுதியிருந்தது தொலைந்த நோட்டின் பின்பக்கத்தில் என்றால், உங்களுக்கு இரட்டை நஷ்டம். அதனால் நோட்டின் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும், ஒவ்வொரு வரவுக்குப் பிறகும் போட்டோ எடுத்து வைப்பது அவசியம்.

உறவு கெடாமல் இருந்தால் கோர்ட்டுக்கு முன் எளிய வழி ஒன்று உண்டு. பழைய நோட்டு தொலைந்ததைக் குறிப்பிட்டு, பாக்கி எவ்வளவு என்று இருவரும் ஒப்புக்கொண்டு, பழையது கிடைத்தாலும் செல்லாது என்று எழுதி, புது நோட்டு வாங்கிவிடுவது.

"செக் தொலைஞ்சு போச்சு" என்று சொல்லியே தப்பிக்க முடியுமா?

இந்த விதிகளுக்கு மறுபக்கமும் உண்டு. செக் பவுன்ஸ் கேஸ்களில் அடிக்கடி கேட்கும் வாதம்: "அது நான் கொடுத்த செக் இல்லைங்க. கையெழுத்து போட்டு வெச்சது தொலைஞ்சுபோச்சு, அவர் எடுத்து நிரப்பிட்டார்."

2010-ல் உச்ச நீதிமன்றத்தின் 3 நீதிபதிகள் அமர்வுக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. ரூ.45,000 செக். தொலைந்த செக் என்றார் குற்றம் சாட்டப்பட்டவர். ஆனால் வங்கிக்கு அவர் கொடுத்த ஸ்டாப் பேமென்ட் உத்தரவில், செக் தொலைந்தது என்ற வார்த்தையே இல்லை. எதிர்த்தரப்பு அனுப்பிய நோட்டீஸுக்கும் பதில் அனுப்பவில்லை. நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்கவில்லை. செக்கில் உள்ள கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால், சட்டப்படி செல்லும் கடனுக்காகவே அது கொடுக்கப்பட்டது என்று 139-வது பிரிவு அனுமானிக்கும், அதை உடைக்க வேண்டியது கொடுத்தவர் வேலை என்றது.

உண்மையிலேயே செக்கைத் தொலைத்தவருக்கு இந்தத் தீர்ப்பில் பாடம் இருக்கிறது. ஸ்டாப் பேமென்ட் போடும்போது காரணத்தில் 'தொலைந்தது' அல்லது 'திருடு போனது' என்று தெளிவாக எழுதுங்கள். போலீஸில் அன்றே புகார் கொடுங்கள். உங்கள் தொலைந்த செக்கை வைத்து யாராவது நோட்டீஸ் அனுப்பினால், "சம்பந்தமே இல்லாத ஆளு, எதுக்குப் பதில்" என்று குப்பையில் போடாமல், 15 நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். ஸ்டாப் பேமென்ட் சொன்னாலும் 138 பாயும் என்று 1998-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே சமயம், கணக்கில் போதுமான பணம் இருந்தது, நிறுத்தியதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நிரூபித்தால் குற்றம் நிற்காது.

கையெழுத்து போட்ட வெற்று செக்கை யாரிடமாவது நீங்களே கொடுத்திருந்தால் அது தொலைந்த செக் ஆகாது. கடனுக்காக விரும்பிக் கொடுத்த வெற்று செக்கை வாங்கியவர் நிரப்பிக்கொள்ளலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடன் தீர்ந்ததும் அந்த செக்கைத் திரும்ப வாங்க மறப்பவர்கள்தான் பிறகு 'தொலைஞ்சுபோச்சு' என்று சொல்ல வேண்டிய நிலைக்கு வருகிறார்கள்.

செக் புத்தகமே திருடு போனால்?

உங்கள் கையெழுத்தைப் போலியாகப் போட்டு பணம் எடுத்தால், அது உங்கள் உத்தரவே அல்ல. போலிக் கையெழுத்துக்கு வங்கி பணம் கொடுத்தால் நஷ்டம் பொதுவாக வங்கியுடையது. 1987-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கனரா வங்கி வழக்கில், ஒரு கம்பெனியின் கணக்காளரே 42 செக்குகளில் போலிக் கையெழுத்து போட்டு ரூ.3.26 லட்சம் எடுத்திருந்தார். கம்பெனி கணக்கு ஸ்டேட்மென்டை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பது வங்கியின் வாதம். அது போதாது, வங்கிதான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. ஆனால் புத்தகம் திருடு போனது தெரிந்தும் வங்கிக்குச் சொல்லாமல் இருந்தால் இந்தப் பாதுகாப்பு பலவீனமாகிவிடும்.

2021 ஜனவரி 1 முதல் உள்ள பாசிட்டிவ் பே வசதியையும் பயன்படுத்தலாம். ரூ.50,000 அல்லது அதற்கு மேல் செக் கொடுக்கும்போது, யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி என்பதை வங்கி ஆப்பில் முன்கூட்டியே பதிந்துவிடலாம். செக்கில் உள்ளது பொருந்தாவிட்டால் மாட்டிக்கொள்ளும். ரூ.5 லட்சத்துக்கு மேல் பல வங்கிகளில் இது கட்டாயம்.

தொலைந்த நாளில் செய்ய வேண்டியவை

1. செக் என்றால், எழுதிக் கொடுத்தவர் மூலம் உடனே ஸ்டாப் பேமென்ட். காரணம்: 'தொலைந்தது' அல்லது 'திருடு போனது'.

2. தகவல் சொன்னதற்கு எழுத்து ஆதாரம். போன் மட்டும் போதாது.

3. காவல் நிலையத்தில் புகார். தொலைந்தது என்றால் சிஎஸ்ஆர் ரசீது, திருட்டு என்றால் எஃப்ஐஆர் கேளுங்கள்.

4. செக் நம்பர், தேதி, தொகை, போட்டோ, மெசேஜ், வங்கிப் பதிவு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள்.

5. இன்டெம்னிட்டி பாண்டோடு டூப்ளிகேட் கேட்டு எழுத்தில் கடிதம். மறுத்தால் வக்கீல் நோட்டீஸ்.

6. புரோநோட்டு என்றால் 3 ஆண்டுக் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றே எழுதி வையுங்கள். கெடு நெருங்கினால் தேடுவதை நிறுத்திவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

7. பழைய ஆவணம் பிறகு கிடைத்தால், பயன்படுத்தாமல் திருப்பிக் கொடுங்கள்.

வழக்குக்கு வழக்கு விவரம் மாறும் என்பதால், பெரிய தொகை என்றால் வழக்கறிஞரின் ஆலோசனை அவசியம். ஆனால் அவரிடம் போகும் முன்பே உங்கள் மொபைல் கேலரியில் அந்த செக்கின் அல்லது நோட்டின் ரெண்டு பக்கப் படமும் இருந்தால், அவர் வேலையும் சுலபம், உங்கள் வழக்கும் பலம். இப்போது வீட்டில் ஏதாவது செக், டிடி, புரோநோட்டு இருக்கிறதா? படித்து முடித்ததும் முதல் வேலையாக ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.